தீயைத் தணித்த பிறகுதான் குளிர்

அலாஸ்காவின் ஆர்க்டிக் தரை அணிலைப் பற்றி யார் எழுதினாலும் ஓர் எண் கட்டாயம் வந்துவிடும்: மைனஸ் 2.9 டிகிரி. ஃபேர்பேங்க்ஸ் நகரில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரையன் பார்ன்ஸ் 1989இல் வெளியிட்ட அளவீடு அது. உறங்கும் அணிலின் வயிற்றுக்குள் வைத்த சிறு கருவி, உறைநிலைக்கும் கீழே மூன்று டிகிரி அளவுக்கு இறங்கிக் காட்டியது. ரத்தம் உறையவில்லை. அந்த ரத்தத்தின் பிளாஸ்மாவை எடுத்துச் சோதித்தால் அது எல்லாப் பாலூட்டிகளின் பிளாஸ்மாவையும் போலத்தான் உறைகிறது. சில மீன்களிடம் இருப்பதுபோல் உறைவைத் தடுக்கும் புரதம் ஏதும் கிடைக்கவில்லை. பனிப்படிகம் தொடங்குவதற்கு ஒரு புள்ளி அமையாததால் திரவமாகவே தங்கியிருக்கிறது. ஒரு கிலோகூடத் தேறாத உயிர், ஏழெட்டு மாதம் மண்ணுக்கடியில் இப்படிக் கிடந்து வசந்தத்தில் எழுந்து ஓடுகிறது.

இந்த எண்ணைப் படிக்கும் யாருக்கும் அடுத்துத் தோன்றுவது ஒன்றே: குளிர் உயிரைக் காக்கிறது, மனிதனையும் இப்படிக் குளிர்வித்தால் என்ன? விண்வெளிப் பயணம் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை இந்த எண்ணம் பரவியிருக்கிறது. நெடுங்காலமாக என்னை உறுத்துவதும் இதுதான். மைனஸ் 2.9 அந்த அணில் செய்த வேலையின் கடைசி விளைவு. வேலை எங்கே தொடங்குகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. சொல்லப்போனால் அந்த அணிலுக்கே கடுங்குளிர் நல்லதல்ல. வளையின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருக்கும்வரை அதன் செலவு மிகக் குறைவு. மண் மைனஸ் 15க்கு இறங்கினால், உறைந்துவிடாமல் இருக்க ஆழ்ந்த மயக்கத்திலேயே கொழுப்பை எரித்தாக வேண்டும்; செலவு பல மடங்கு ஏறிவிடும். குளிர் அதற்கு உதவியாளனாக இருப்பது ஓர் எல்லை வரைதான்.

மனித உடலைக் குளிர் என்ன செய்கிறது

மனித உடலின் மைய வெப்பநிலை 36 டிகிரிக்குக் கீழே நழுவத் தொடங்கியதுமே மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். பிறகு நடுக்கம் வரும். நடுங்கும் உடல் ஓய்வில் எரிப்பதைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு எரிக்கும். அதாவது, குளிர்விக்கக் குளிர்விக்க உடல் தன் தீயைப் பெரிதாக்குகிறது. மிச்சம் பிடிக்க வேண்டிய நேரத்தில் கையிருப்பைக் கரைக்கிறது. 32 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம் தளர்ந்து நினைவு மங்கும். 28ஐ நெருங்கும்போது இதயம் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டுத் தாறுமாறாகத் துடிக்கத் தயாராக நிற்கும். ஃபிப்ரிலேஷன் எனப்படும் இந்த நிலையில் இதயம் அசையும், ரத்தம் நகராது. குளிரில் மீட்கப்பட்டவரைத் தூக்கும்போதும் திருப்பும்போதும் குலுங்காமல் கையாளச் சொல்வது இதனால்தான். ஓர் உலுக்கலே போதும்.

இங்கே நார்வே சம்பவத்தை எடுத்துக்காட்டாத கட்டுரை இல்லை. 1999 மே மாதம், பனிச்சறுக்கின்போது நார்விக் அருகே உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய அன்னா பாகன்ஹோம் என்ற இளம் மருத்துவரை 80 நிமிடம் கழித்து வெளியே எடுத்தார்கள். உடல் வெப்பநிலை 13.7 டிகிரி. இதயத்துடிப்பு இல்லை. ட்ரோம்ஸோ மருத்துவமனையில் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கி உள்ளே செலுத்தி மீட்டார்கள். அவர் பிழைத்தார், மீண்டும் மருத்துவப் பணிக்கும் திரும்பினார். குளிரின் வெற்றி என்றே இதைச் சொல்வது வழக்கம். ஆனால் நிமிடங்களைப் பிரித்துப் பாருங்கள். பனிக்கடியில் இருந்த காற்று இடைவெளியில் முதல் 40 நிமிடம் அவர் மூச்சுவிட்டுக்கொண்டும் நினைவோடும் இருந்தார். மூளை குளிர்ந்துகொண்டே வந்தது, அதே நேரம் ஆக்சிஜனும் கிடைத்தது. இதயம் நின்றபோது மூளையின் தேவை ஏற்கெனவே மிகக் குறைந்துவிட்டிருந்தது. பனிச்சரிவில் புதைந்து முதலில் மூச்சுத்திணறி, பிறகு குளிர்ந்தவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. வெப்பநிலைமானியில் இருவருக்கும் ஒரே எண் இருக்கலாம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

வரிசை

இந்த வரிசைதான் என் கட்டுரையின் மையம். உறங்கப்போகும் தரை அணிலின் உடலில் மூன்று அளவுகளை ஒரே தாளில் வரைந்து பார்க்கலாம்: ஆக்சிஜன் பயன்பாடு, இதயத்துடிப்பு, உடல் வெப்பநிலை. முதலில் சரிவது வெப்பநிலை அல்ல. இதயத்துடிப்பு தடுமாறத் தொடங்குகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளி நீள்கிறது. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு பிடியை இறுக்கும் அடையாளம் அது. கூடவே ஆக்சிஜன் பயன்பாடு செங்குத்தாக இறங்குகிறது. உடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். பிறகுதான் வெப்பநிலைக் கோடு மெல்ல வளைந்து, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு, வளையின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த சார்லஸ் லைமன் போன்றோர் 1950களிலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள். அடுப்பை அணைத்த வீட்டில் அறை தானாகக் குளிர்வதைப் போல. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அடுப்போடு மல்லுக்கட்டுவதைப் போல இல்லை.

அதோடு மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டின் இலக்கும் படிப்படியாகக் கீழே வைக்கப்படுகிறது. அதனால்தான் அணில் நடுங்குவதில்லை. அதன் மூளையைப் பொறுத்தவரை 5 டிகிரி என்பது அப்போதைய சரியான வெப்பநிலை. கட்டுப்பாடு கைவிடப்படவும் இல்லை: வளை இன்னும் குளிர்ந்தால் மயக்கத்திலேயே வெப்பம் உண்டாக்கும், எல்லை மீறினால் விழித்துக்கொள்ளும்.

இது பொடி விலங்குகளுக்கு மட்டும் வாய்த்த வித்தை என்று நினைத்திருந்தவர்களுக்கு 2011இல் கரடி பதில் சொன்னது. ஆய்வாளர் ஓய்விண்ட் தோயனும் பார்ன்ஸும் அலாஸ்காவில் கருங்கரடிகளைச் செயற்கைக் குகையில் குளிர்காலம் முழுவதும் அளந்தார்கள். உடல் வெப்பநிலை 30க்கும் 36க்கும் இடையேதான் ஏறி இறங்கியது. வளர்சிதை வேகமோ, அதாவது உடல் எரிபொருளை எரிக்கும் வேகமோ, வழக்கமான ஓய்வுநிலை வேகத்தில் கால் பங்குக்கு வந்துவிட்டது. நிமிடத்துக்கு 55 ஆக இருந்த இதயத்துடிப்பு 14 ஆனது. சில நேரம் இரு துடிப்புகளுக்கு நடுவே 20 விநாடி ஓடிவிடும். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடல் 10 டிகிரி குளிர்ந்தால் வேதிவினைகளின் வேகம் இரண்டில் ஒரு பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும் என்பது பொதுவான விதி. நாலைந்து டிகிரி குளிர்ந்ததற்குக் கிடைக்க வேண்டிய குறைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கரடியிடம் குறைந்ததோ முக்கால் பங்கு. மீதிக் குறைவைக் குளிரின் கணக்கில் எழுத முடியாது. உடல் தானே விரும்பிக் குறைத்தது அது. வசந்தத்தில் கரடி வெளியே வந்து உடல் 37ஐத் தொட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் வளர்சிதை வேகம் பாதியளவிலேயே இருந்ததும் அதையே உறுதிப்படுத்துகிறது. ஏறத்தாழ மனித எடையும் மனித வெப்பநிலையும் கொண்ட ஒரு விலங்கு இதைச் செய்கிறது என்பதால், மருத்துவம் இதைவிட உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய அளவீடு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பனிப்பெட்டியில் ஒரு சிறுநீரகம்

குளிர் ஒரு செல்லுக்குள் என்ன செய்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்க, மாற்று அறுவைக்காக எடுத்துச் செல்லப்படும் சிறுநீரகத்தைவிட நல்ல இடம் இல்லை. கொடையாளியிடமிருந்து எடுத்ததும் ரத்தத்தை வெளியேற்ற, குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தை அதன் தமனி வழியே செலுத்துவார்கள். வெளுத்துப்போன உறுப்பை அதே திரவத்தில் மூழ்கவைத்து, பைக்குள் பை வைத்து, பனிக்கட்டிக்கு நடுவே 4 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சிறுநீரகம் ஒரு நாள், ஒன்றரை நாள் தாங்கும். கல்லீரல் 12 மணி நேரம். இதயத்துக்கு நாலு மணி நேரம், மிஞ்சினால் ஆறு.

ஏன் இந்தக் கெடு? செல்லின் உறையில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு இருக்கிறது. அது ஏடிபி என்ற எரிபொருளில் ஓடுவது. குளிரில் பம்பு ஏறத்தாழ நின்றுவிடும். ஆனால் கசிவு அதே அளவுக்கு நிற்பதில்லை. சோடியம் உள்ளே கசிகிறது, அதைத் தொடர்ந்து தண்ணீர் நுழைகிறது, செல் வீங்குகிறது. கால்சியமும் புகுந்துவிட்டால் செல்லைச் செரிக்கும் நொதிகள் விழித்துக்கொள்ளும். செல்லுக்கு வடிவம் தரும் நுண்குழல்கள் குளிரில் அவிழ்ந்து போகின்றன. இன்னொரு பக்கம், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அரைகுறையாகத் தேங்கும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து, செல்லுறையின் கொழுப்பை அரிக்கும் மூலக்கூறுகளாகின்றன. 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான பாதுகாப்புத் திரவத்தில் பொட்டாசியத்தை மிகுதியாகவும் சோடியத்தைக் குறைவாகவும் வைத்ததற்குக் காரணம் இதுதான்: உள்ளே இருப்பதைப் போன்ற திரவமே வெளியேயும் இருந்தால் கசிவதற்கு வேலை இல்லை. செல்லுக்குள் எளிதில் நுழையாத பெரிய மூலக்கூறுகளான லாக்டோபயோனேட்டும் ராஃபினோஸும் வீக்கத்தைத் தடுக்க, குளூட்டாதியோன் அரிப்பைத் தடுக்க. மருத்துவம் வெளியிலிருந்து திரவத்தை மாற்றிச் சமாளிக்கிறது.

தரை அணிலோ உள்ளேயே மாற்றிக்கொள்கிறது. பம்பையும் கசிவையும் சேர்த்தே குறைக்கிறது. எரிபொருளை மாவுச்சத்திலிருந்து கொழுப்புக்கு மாற்றிவிடுகிறது. பிடிகே4 என்ற நொதி மாவுச்சத்தின் பாதைக்குக் கதவடைக்கிறது. இலையுதிர்காலத்தில் அது தின்னும் விதைகளில் இருந்து வரும் லினோலெயிக் அமிலம் குளிரிலும் இளகியிருக்கும் கொழுப்பாகச் சேர்கிறது. அந்தச் சேமிப்பு சரியில்லாத விலங்குகள் அவ்வளவு ஆழமாக மயங்குவதில்லை என்று உணவுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 2018இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பதின்மூன்று கோட்டுத் தரை அணிலிடமிருந்து உருவாக்கிய குருத்தணுக்களை நரம்பணுக்களாக வளர்த்து, மனித நரம்பணுக்களோடு பக்கத்தில் வைத்துக் குளிர்வித்தார்கள். மனித அணுக்களின் நுண்குழல்கள் சில மணி நேரத்தில் சிதைந்தன. அணிலின் குழல்கள் அப்படியே நின்றன. இரண்டிலும் என்ன வேறுபாடு என்று தேடியபோது மைட்டோகாண்ட்ரியாவும், புரதங்களை உடைக்கும் நொதிகளும் மாட்டின. மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தை லேசாகத் தளர்த்தும் பாம்15 என்ற மருந்தையும், அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததும் மனித அணுக்களும் குளிரைத் தாங்கின. எலியின் சிறுநீரகத்தைப் பனியில் வைத்தபோதும் சேதம் குறைந்தது. சோதனைக்கூட அளவில்தான், ஆனாலும், அணிலின் உடலுக்குள் இருக்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அதை ஒரு திரவத்தில் கலக்க முடிந்திருக்கிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு இது.

இதயத்தின் ரகசியமும் கால்சியத்தில்தான் இருக்கிறது. நம் இதயத் தசை குளிர்ந்தால், சுருங்கிய பிறகு கால்சியத்தைத் திரும்பக் கிடங்குக்குள் அள்ளிவைக்க அதற்கு நேரம் போதாமல் போகிறது. மிச்சம் தேங்கித் தவறான நேரத்தில் துடிப்பைத் தூண்டுகிறது. குளிர்கால உறக்க விலங்குகளில் உள்ளே வரும் கால்சியம் குறைவு, அதைத் திரும்ப அள்ளும் பம்பு அதிகம். செல்லுக்குச் செல் மின்னலையைக் கடத்தும் இணைப்புகளும் குளிரில் உருப்படியாக இருக்கின்றன. பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையிலும் நிமிடத்துக்கு மூன்று, நான்கு முறை அந்த இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது.

விழிப்பு

இதுவரை சொன்னதைவிட விழிப்புதான் எனக்குப் பெரிய அதிசயம். எட்டு மாதமும் ஒரே மூச்சாக உறங்குகின்றன என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். தரை அணில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுசாக விழிக்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு முதலில் பற்றிக்கொள்ளும். அங்குள்ள மைட்டோகாண்ட்ரியாவில் யூசிபி1 என்ற புரதம், ஏடிபி தயாரிக்க வேண்டிய ஆற்றலை நேராக வெப்பமாக்கிவிடுகிறது. பின்பகுதியின் ரத்தக் குழாய்கள் மூடியே இருக்க, சூடான ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் சுற்றுகிறது. மார்பு சூடாகிவிட்டபோதும் தொடைகள் சில்லென்று கிடக்கும். முன்பகுதி போதிய அளவு சூடானதும் நடுக்கம் சேர்ந்துகொள்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் 5 டிகிரியிலிருந்து 36க்கு ஏறிவிடும். அரை நாளோ ஒரு நாளோ அப்படியே இருந்துவிட்டு மறுபடி இறங்கும். குளிர்காலம் முழுவதற்குமான ஆற்றலில் 70 சதவீதத்துக்கும் மேல் இந்தச் சொற்ப விழிப்புகளுக்கே போகிறது.

இவ்வளவு செலவு செய்து எதற்கு விழிக்க வேண்டும்? விழித்த அணில் செய்யும் முதல் காரியங்களுள் ஒன்று தூங்குவது. ஆழ்ந்த மயக்கத்தின்போது மூளையின் மின்னலை ஏறத்தாழத் தட்டையாகிவிடுகிறது. தூக்கம் தரும் பராமரிப்பு நடப்பதில்லை. அந்தக் கடனை அடைக்கவே விழிப்பதுபோல் இருக்கிறது. நரம்பணுக்களின் கிளைகள் மயக்கத்தில் சுருங்கி, இணைப்புகள் பல மறைகின்றன. அல்சைமர் நோயில் தென்படுவதைப் போலவே டௌ புரதத்தில் பாஸ்பேட் மிகுதியாக ஏறுகிறது. விழித்த சில மணி நேரத்தில் கிளைகள் திரும்ப நீள்கின்றன, பாஸ்பேட் இறங்குகிறது. மனித மூளையில் ஒருவழிப் பாதையாகத் தெரியும் ஒன்றுக்கு இங்கே திரும்பும் வழி இருக்கிறது. குளிரில் ரத்தத்திலிருந்து காணாமல் போகும் வெள்ளையணுக்களும் சூடானதும் ரத்தத்துக்குத் திரும்பிவிடும். நோயெதிர்ப்பு அந்த ஒரு நாளில் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

விழிப்பின் கணக்கு தப்பினால் என்னவாகும் என்பதற்கு வட அமெரிக்க வௌவால்கள் சாட்சி. 2006இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய் ஒரு பூஞ்சையால் வருவது. உறங்கும் வௌவாலின் இறக்கைத் தோலை அது அரிக்கும்போது வௌவால் அடிக்கடி விழிக்கிறது. ஒவ்வொரு விழிப்பும் கொழுப்பைக் கரைக்க, வசந்தம் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்து, பூச்சியே இல்லாத பருவத்தில் வெளியே பறந்து செத்து விழுகின்றன. லட்சக்கணக்கில் அழிந்துவிட்டன. குளிர் கொன்றதாகத்தான் பார்ப்பவருக்குத் தெரியும். கொன்றது சூடாவதற்கான செலவு.

மருத்துவத்திலும் ஆபத்து குவிந்து கிடப்பது இந்த இறுதிக் கட்டத்தில்தான். மாரடைப்பில் அடைத்த குழாயைத் திறந்ததும், பனியில் இருந்த சிறுநீரகத்தைப் பொருத்திக் கவ்வியை எடுத்ததும், திடீரென வரும் ஆக்சிஜனே திசுவைப் பொசுக்குகிறது. குளிர்விக்கப்பட்ட நோயாளியை மணிக்கு கால் டிகிரி, அரை டிகிரி என்றுதான் சூடாக்குவார்கள். அவசரப்பட்டால் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரியும், செல்லுக்குள் போயிருந்த பொட்டாசியம் வெளியே வந்து இதயத்தைத் தாக்கும், மூளை வீங்கும். அணிலோ மணிக்குப் பத்து டிகிரிக்கு மேல் ஏறுகிறது, அதுவும் ஒரு பருவத்தில் பத்துப் பதினைந்து முறை. எந்தச் சேதமும் இல்லை. குளிர்விப்பதைப் படிக்கும் அளவுக்கு இதைப் படிக்கிறோமா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

படுத்தே கிடந்தும் உறையாத ரத்தம்

கரடி ஐந்து முதல் ஏழு மாதம் உண்பதில்லை, குடிப்பதில்லை, சிறுநீர் கழிப்பதில்லை. ஆனாலும் தசை பெரிதாகத் தேய்வதில்லை, எலும்பு மெலிவதில்லை. யூரியாவின் நைட்ரஜனைத் திரும்ப எடுத்துப் புரதமாக்கிக்கொள்வது ஒரு காரணம். தரை அணிலில் இந்த வேலைக்குக் குடல் நுண்ணுயிரிகள் உதவுவதை 2022இல் நேரடியாகவே காட்டினார்கள். படுக்கையில் கிடக்கும் மனிதருக்குச் சில நாளிலேயே காலின் சிரையில் ரத்தம் கட்டக்கூடும். அது நழுவி நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். கரடிக்கு அப்படி நேர்வதில்லை. 2023இல் ஸ்வீடனின் பழுப்புக் கரடிகளிடம் குளிர்காலத்திலும் கோடையிலும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டபோது, ரத்தத்தைக் கட்டவைக்கும் தட்டணுக்களில் எச்எஸ்பி47 என்ற புரதம் குளிர்காலத்தில் சுமார் 55 மடங்கு குறைந்திருந்தது. தண்டுவடம் பாதித்து ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருப்பவர்களுக்கு ரத்தம் கட்டும் அபாயம் ஏன் கூடவில்லை என்பது பழைய புதிர். அவர்களிடமும் அதே புரதம் குறைந்திருந்தது. நலமான தன்னார்வலர்களை 27 நாள் படுக்கையில் வைத்தபோதும் குறைந்தது. ஆக, கரடியிடம் உள்ள கருவி நம்மிடமும் இருக்கிறது. நமக்கு அது இயங்கத் தொடங்க நாளாகிறது, அந்த முதல் நாட்கள்தான் ஆபத்து. இங்கே குளிருக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். கரடி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

மருத்துவம் போட்ட குறுக்கு வழி

2002இல் இரண்டு ஆய்வுகள், இதயம் நின்று மீண்டவர்களை 32–34 டிகிரியில் வைத்தால் மூளை தப்பும் வாய்ப்பு கூடுகிறது என்றன. உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் குளிர்விக்கத் தொடங்கின. 2013இல் 33க்கும் 36க்கும் வேறுபாடு இல்லை என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியது. 2021இல் ஏறத்தாழ 1900 பேரிடம், 33 டிகிரிக்குக் குளிர்விப்பதையும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்வதையும் ஒப்பிட்டார்கள்: ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 50 சதவீதம், 48 சதவீதம். குளிர்விக்கப்பட்டவர்களில் ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் இதயத்துடிப்புக் கோளாறு 24 சதவீதம், மற்றவர்களில் 17. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைகளை ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33.5 டிகிரியில் வைப்பது வசதி மிக்க நாடுகளில் உயிர்களைக் காத்திருக்கிறது. அதே முறையை இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தார்கள். இந்த எண்களைப் படித்துவிட்டுக் கடந்து போவது எனக்குக் கடினம். பாதிப்பு எப்போது நடந்தது, குளிர் எப்போது வந்தது என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

இந்த முடிவுகளைக் கொண்டு, விலங்குகளின் வழி மனிதருக்கு உதவாது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குளிர்விக்கும் சிகிச்சையில் நடப்பதைப் பாருங்கள்: பனிநீர் ஓடும் உறைகளைச் சுற்றுவார்கள்; உடல் நடுங்கும்; நடுக்கத்தை அடக்க பெதிடின், மெக்னீசியம், டெக்ஸ்மெடிடோமிடின் என்று படிப்படியாக ஏற்றி, கடைசியில் தசைகளையே செயலிழக்கச் செய்யும் மருந்து தருவார்கள்; தோல் குளிரை உணராமலிருக்க மேலே சூடான காற்றையும் வீசுவார்கள். மூளை 37ஐக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, நாம் அதன் கைகளைக் கட்டிவிடுகிறோம். சோதிக்கப்பட்டது குளிர் மட்டும். தீயைத் தணிப்பதை அந்த ஆய்வுகள் சோதிக்கவில்லை.

தணிக்கும் விசையைத் தேடியவர்கள் இருக்கிறார்கள். 2005இல் அமெரிக்க ஆய்வாளர் மார்க் ரோத் குழுவினர் சுண்டெலிகளை 80 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 80 பங்கு) ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் சுவாசிக்க வைத்தார்கள். வளர்சிதை வேகம் 90 சதவீதம் குறைந்து, உடல் 15 டிகிரிக்கு இறங்கியது. வாயுவை நிறுத்தியதும் மீண்டன. செம்மறி ஆட்டிலும் பன்றியிலும் அது பலிக்கவில்லை. அடினோசின் ஏற்பியைத் தூண்டும் சிஎச்ஏ மருந்தை ஃபேர்பேங்க்ஸின் கெல்லி ட்ரூ குழு தரை அணிலின் மூளைக்குள் செலுத்தியபோது குளிர்காலத்தில் தவறாமல் மயங்கியது, கோடையில் மயங்கவில்லை. விசை இருந்தால் போதாது, பருவம் உடலைத் தயார்செய்திருக்க வேண்டும். அதே மருந்து ரத்தத்தில் போனால் இதயத்தை நேரடியாக அமுக்கும். அதனால் மூளைக்குள் நுழையாத எதிர்மருந்தைக் கூடவே தர வேண்டியிருக்கிறது. 2020இல் ஜப்பானில் தகேஷி சகுராய் குழுவினர் சுண்டெலியின் ஹைபோதலாமஸில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தைத் தூண்டினார்கள். குளிர்கால உறக்கமே அறியாத அந்த விலங்கு இரண்டு நாளுக்கு மேல் மந்தநிலையில் கிடந்து, சேதமின்றி எழுந்தது. வெப்பக் கட்டுப்பாட்டின் இலக்கே அங்கே கீழே இறங்கியிருந்தது. எலியிலும் அதே விளைவு. 2023இல் தலைக்கு வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டு அலையைச் செலுத்தியே இதற்கு நெருக்கமான நிலையை உண்டாக்கியிருக்கிறார்கள். சுண்டெலி முப்பது கிராம்கூட இருக்காது. அடுப்பு அணைந்ததும் சட்டெனக் குளிர்ந்துவிடும். 70 கிலோ உடல் அப்படிக் குளிராது. ஆனால் கரடியைப் பார்த்த பிறகு, அது குளிரத்தான் வேண்டுமா என்றே கேட்கத் தோன்றுகிறது.

அந்தக் கேள்விக்கு மடகாஸ்கரின் மேற்குக் காடுகளில் ஒரு பதில் இருக்கிறது. கொழுத்த வால் கொண்ட குள்ள லெமூர், நம்மைப் போலவே பிரைமேட் வரிசையைச் சேர்ந்தது. வறண்ட பருவத்தில் ஏழு மாதம் மரப்பொந்தில், வாலில் சேர்த்த கொழுப்பை நம்பி உறங்குகிறது. கேத்ரின் டவுஸ்மன் 2004இல் பதிவுசெய்தபடி, சுவர் மெல்லிய பொந்துகளில் அதன் உடல் வெப்பநிலை வெயிலோடு ஏறி இரவோடு இறங்குகிறது, ஒரே நாளில் 20 டிகிரி வரைகூட. வளர்சிதை வேகம் மட்டும் தாழ்ந்தே இருக்கிறது. வெப்பம் உள்ளே வராத தடித்த பொந்துகளில் உறங்குபவை மற்ற விலங்குகளைப் போல இடையிடையே கொழுப்பைச் செலவழித்து விழித்துச் சூடாகின்றன. பகல் வெயிலில் உடல் 30 டிகிரியைத் தாண்டும் பொந்துகளில் இருப்பவை அப்படி விழிப்பதே இல்லை.